ஊசிக் காய்ச்சல்

ஜூன் 11

காலையிலிருந்து சாரல். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தே பார்த்தேன். நாளைக்குத் தென்காசி ஆஸ்பத்திரியில் எனக்கு மருந்து ஏற்றுகிறார்கள். வயசானவர்களுக்கு எலும்பு தேய்ந்தால் போடுகிற மருந்தாம். எனக்குப் பதினாறு. மூன்று தடவை கால் ஒடிந்து, ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அங்கே எனக்கு 'வளவி' என்று பேர், கண்ணாடி வளையல். தொட்டால் உடைந்துவிடுவேனாம்.

ஜூன் 12

ஏற்றியாச்சு. வலிக்கவே இல்லை. உடம்பு சுட்டால் கொடுக்கச் சொல்லி நர்ஸ் ஒரு அட்டை மாத்திரை தந்தாள். உம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜூன் 15

எழுத முடியவில்லை. அன்றைக்குப் பொழுது சாயவும் குளிர் வந்தது, அப்புறம் கொதித்தது. ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக நொந்தது. உம்மா மாத்திரையைத் தரவே இல்லை. "மருந்துக்கு மேல மருந்தா? பிள்ள தாங்காது" என்று ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மங்களேஸ்வரி அக்கா வந்து, "சாரல்ல நனைச்சுக் கூட்டிட்டு வந்தியா ஹைருன்?" என்று கேட்டாள்.

"சாரல் என்ன செஞ்சுது? எல்லாம் அந்த ஊசி. விஷத்த ஏத்திட்டாளுவ."

இன்று காய்ச்சல் இல்லை. உம்மாவின் விரல் நுனிகள் ஊறி வெளுத்திருக்கின்றன.

ஜூன் 16

சவூதியிலிருந்து வாப்பா கூப்பிட்டார். "இனி அந்த ஊசி கிடையாது" என்று உம்மா சொல்லிவிட்டாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் வாயைத் திறந்திருப்பேனா?

ஆகஸ்ட் 20

இன்று சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். முதுகு வலிக்கவில்லை. உம்மா பார்த்தாள். இன்னும் நாலு வெங்காயத்தை என் பக்கம் உருட்டிவிட்டாள்.

நவம்பர் 26

டாக்டரம்மாவிடம் போனோம். அடுத்த மருந்து டிசம்பரில் என்றார். உம்மா அழுதே விட்டாள். "கொதிச்சுக் கிடந்தா டாக்டரம்மா. வேண்டாம்."

அவர் கோபப்படவில்லை. கிருமி வந்தால் சண்டை போட நம் ரத்தத்தில் ஆட்கள் மாதிரி அணுக்கள் இருக்கின்றனவாம். இந்த மருந்து உள்ளே போகவும், அதில் சில, கிருமிதான் வந்துவிட்டது என்று நினைத்துக் கூப்பாடு போடுமாம். அந்தக் கூப்பாடுதான் காய்ச்சலும் நோவும். பெரும்பாலும் முதல் தடவைதான் அதிகம், அடுத்த தடவை குறையும் என்றார்.

"மாத்திரை கொடுத்தீங்களா?"

உம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ என்னம்மா சொல்லுத?" என்று என்னைக் கேட்டார். தரையைப் பார்த்தேன்.

பஸ் இலஞ்சி வரும்வரை டாக்டரம்மா சொன்னதையே நினைத்தேன். உடைவதைத் தவிர என் உடம்புக்கு ஒன்றும் தெரியாது என்றிருந்தேன். உள்ளே சண்டை போட ஆள் இருக்கிறதா — எனக்கா?

டிசம்பர் 2

சொல்லிவிட்டேன்!

உம்மா போனில் வாப்பாவிடம் "வேண்டாம்னே முடிவு பண்ணிட்டேன்" என்றாள். நான் "எனக்கு வேணும்" என்றேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

உம்மா போனைக் கட்டிலில் வைத்தாள். "கிடந்து நடுங்குனத மறந்துட்டியாட்டி?"

"எனக்குக் காய்ச்சல்தான் உம்மா. நடுங்குனது நீ."

எப்படி அப்படிப் பேசினேன்? உம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். போனுக்குள் வாப்பா, "ஹலோ... யாரு அது, சஃப்ரினா? நம்ம சஃப்ரினா பேசுனா?"

டிசம்பர் 4

உம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் தலை பின்னிவிட்டாள்.

டிசம்பர் 13

உம்மாவே கூட்டிப்போனாள், நேற்று ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியிலேயே உம்மா மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். லேசான சூடு, அவ்வளவுதான். அவள்தான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

"என்னட்டி, உன் ஆளுவ தூங்கிட்டானுவளா?"

ரெண்டு பேரும் சிரித்தோம்.

ஜனவரி 9

"சீசனுக்கு நம்ம கடையில வந்து உட்காருட்டி, சாரலாவது மேல படட்டும்" என்றாள் மங்களேஸ்வரி அக்கா. உம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் பார்த்தால் மருந்து டப்பாவில் ஒரு புது மாத்திரை அட்டை.

"யாருக்கு உம்மா காய்ச்சல்?"

"யாருக்கும் இல்ல. ஜூன்ல ஊசி வருதுல்லா" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள்.