பன்னிரண்டு மணிக்கு வந்த லாரி

இன்று காலையும் அந்த விடுதியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. மே மாதம் பிறந்ததிலிருந்து இது மூன்றாவது. "உங்களை மறுபடி வரவேற்கக் காத்திருக்கிறோம். கோடைச் சலுகை. பாதி வாடகையில் கடல் பார்த்த அறை." கீழே ஒரு படம்: கடல்வரை இறங்கிப்போகும் பசும்புல்வெளி, அதன்மேல் ஆளில்லாத வெள்ளை நாற்காலிகள். ஒருமுறை வந்து தங்கியவனின் முகவரியை அவர்கள் தொலைப்பதில்லை. அந்தப் புல்லை விரித்தவன் பெயர் உங்கள் ஏடுகளில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்குத்தான் பதில் எழுத அங்கே ஆள் இல்லை.

அது நீ விரித்த புல். கடைசி ஓரத்தை முடிக்காமலே போனாய். வரும் ஜூலையோடு இரண்டு வருடம்.

நீ கடைசியாக ஊருக்கு வந்தது, சாவதற்கு ஆறு மாதம் முன், பொங்கலுக்கு. பாபநாசம் பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரே தெருவில் பிறந்து, ஒரே பண்ணையில் கூலிக்கு இறங்கி வளர்ந்தவர்கள் நாம். எனக்கு மாணவர் விடுதியில் இடம் கிடைத்தது, படித்தேன், தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். நீ கடல் தாண்டி அரபு நாட்டுக்குத் தோட்ட வேலைக்குப் போனாய். "ஒரு தடவ நீ இருக்குற ஊரப் பாக்க வர்றேன்டா, எப்ப வந்தா நல்லது?" என்று நான் கேட்டேன்.

"நவம்பர்ல வா வாத்தியாரே. ஜூலையில மட்டும் வந்துராத. ஜூலையில அங்க எந்த மனுசனும் வரமாட்டான். சீசன் கெடையாது."

"அப்ப ஒங்களுக்கும் வேல கம்மியா இருக்கும்."

தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தாய். "போடா இவனே! இதுக்கா அவ்வளவு படிச்ச? ஆளு வராதப்பதான்டா எல்லாத்தையும் நோண்டிப் போடுவான். செவுரு, தரை, தோட்டம் எல்லாம் அப்பதான். அவனுக்கு சீசன் இல்லாதப்பதான் எங்களுக்கு சீசன்."

நானும் சிரித்தேன். நல்ல பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன். பருவகால வேலைவாய்ப்பு என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன், ஒரு தொழிலின் மொத்தக் கணக்கையும் நீ ஒரு வரியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, இன்னொரு தேநீர் சொன்னேன்.

உன் உடல் வந்து சேர்ந்த மறுவாரம், உன் மனைவி மல்லிகா ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உன்னை வேலைக்கு வைத்திருந்த தோட்ட ஒப்பந்த நிறுவனம் அனுப்பியது. படித்துச் சொல்லுங்கள் என்றாள். நல்ல தாளில் நல்ல ஆங்கிலம். இயற்கையான காரணங்களால் உன் இதயம் நின்றுபோனது. கோடைக்கென்று சட்டம் விதித்த கட்டாய மதிய ஓய்வு முறையாக அறிவிக்கப்பட்டிருந்தது. குளிரூட்டிய கூடாரமும் குடிநீரும் இருந்தன. மேற்பார்வையாளர் அழைத்தும், தன் விருப்பத்தின் பேரில், தொழிலாளர் வெயிலில் தங்கிவிட்டார். ஆழ்ந்த அனுதாபங்கள்.

நான் ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னேன். இன்றுவரை அதற்காக என்னை நொந்துகொள்கிறேன். ஊர் அதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. குடித்திருப்பான் என்றது, நோயை மறைத்துக்கொண்டு போயிருப்பான் என்றது. மல்லிகா அவற்றைக் காதில் வாங்கவில்லை. அவளை அரித்தது வேறு.

"நெழலு இருந்துச்சாம். தண்ணி இருந்துச்சாம். வாய்யான்னு கூப்புட்டாங்களாம். போவலையாம். எங்கள ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தாராண்ணே?"

ஒரு வருடம், பார்க்கும்போதெல்லாம் இதையே கேட்டாள். நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்டால், கடிதத்தில் எல்லாம் இருக்கிறது என்றார்கள். அடுத்த ஜூலை வந்ததும் கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். நீ வரக்கூடாது என்ற மாதத்தில், நீ விழுந்த விடுதிக்கே போனேன்.

"நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள், கூட்டமே இல்லை" என்று வரவேற்பில் ஒரு பெண் மலர்ந்து சொன்னாள். அவள் மேல் குற்றமில்லை. அறையில் நான் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே காலெடுத்து வைத்ததும் மூக்குக்கண்ணாடி முழுதும் ஆவி படிந்து கண் தெரியாமல் நின்றேன். நம் சித்திரை வெயிலுக்கு நான் பழகியவன். வேப்பமரத்தடிக்குப் போனால் அது நம்மை விட்டுவிடும். அங்கே நிழலும் சுட்டது. காற்று ஈரத் துணியாக மூக்கில் அப்பியது. கடலில் கால் வைத்தேன். நெல் ஊறப்போட்ட வெந்நீர் மாதிரி இருந்தது. நீச்சல்குளத்துத் தண்ணீரைக் குளிர்விக்க மட்டும் தனியாக ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சூடேறக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

காத்தமுத்துவை வெள்ளிக்கிழமை சந்தித்தேன். உன் சாவை மல்லிகாவுக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவர்தான். எண் அவள் கைபேசியில் இருந்தது. வேதாரண்யத்துக்காரர், உன்னோடு புல் விரித்தவர். விடுதிக்குள் வர அவருக்கு அனுமதி கிடையாது என்பதால் பின்பக்கச் சாலையில் ஒரு மலையாளி தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம்.

"நான் உப்பளத்துக்காரன் சார். வெயிலு எனக்குப் புதுசு இல்ல. ஆனா இது வேற வெயிலு" என்றார்.

"மதிய ஓய்வுக்கு விசில் ஊதுனாங்களா?"

"ஊதுனாங்க சார். பன்னெண்டரைக்கு டாண்ணு ஊதிருவான். அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. கொட்டாய்ல ஏசி இருந்துச்சு. மோருகூட வச்சிருந்தான்."

"அப்பறம் ஏன் அவன் வரல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தஞ்சாவூருதானே சார்? நீங்களே இப்புடிக் கேட்டா?"

பிறகு சொன்னார். புல் வெளியூர்ப் பண்ணையில் விடிவதற்கு முன்பே மண்ணோடு பெயர்க்கப்பட்டு, பாய் போலச் சுருட்டி, லாரியில் வரும். அன்றைக்கே விரித்துத் தண்ணீர் காட்டிவிட வேண்டும். சுருளாகவே கிடந்தால் உள்ளே சூடேறி வேர் வெந்து மஞ்சளாகிவிடும். இதை அவர் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"மொத நாளு அண்ணன் விரிக்கிற பக்கத்துக்கு லாரி லேட்டாப் பத்து மணிக்கு வந்துச்சு. விசில் ஊதுறப்ப அண்ணன் பக்கத்துல இன்னும் பத்துச் சுருளு கெடந்துச்சு. சூப்பர்வைசரு கத்துனான், உள்ள வா, எனக்குப் பிரச்சனை ஆயிரும்னு. அண்ணன், நீ போ சார், வேரு வெந்துரும், விரிச்சுட்டு வர்றேன்னுச்சு. ரெண்டாம் நாளு அவன் கத்தல. நின்னு பாத்தான், போயிட்டான். மூணாம் நாள்லேருந்து லாரி பன்னெண்டு மணிக்கு வந்துச்சு சார்."

"எல்லாருக்குமா?"

"எங்க பக்கத்துக்கு எப்பவும் போலக் காலைல ஆறுக்கு. அண்ணனக் காலைல வேற வேலைக்கு விட்டுட்டு, அது பக்கத்துக்கு மட்டும்தான் பன்னெண்டு. பதினோரு நாளு அப்புடி வந்துச்சு. பதினோராம் நாளு அண்ணன் புல்லு மேலயே விழுந்துருச்சு."

அவர் தேநீரைக் குடிக்கவில்லை. "நான் கிண்டல்கூடப் பண்ணேன் சார். யோவ் அண்ணே, அது புல்லுய்யா, எவன் அறுத்துத் திங்கப்போறான், வந்து மோரு குடின்னேன். அண்ணன் சொல்லுச்சு, 'திங்கிறதோ இல்லியோ, உசுரோட வந்திருக்குல்லடா. பறிச்ச நாத்த வெயில்ல போட்டுட்டுப் போனா எனக்கு மோரு எறங்குமா?'"

அந்தக் குரலில்தான் நீ பேசுவாய். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது நாம் கல்லூரி வயதில் கூலிக்கு நாற்றுப் பறித்த ஒரு நாள். பண்ணை வீட்டில் கல்யாணம். பாதி நடவில் எல்லோரையும் பந்தல் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், சாப்பாடும் அங்கேயே. பறித்துக் கட்டிய நாற்று முடி முடியாக வரப்பில் கிடந்தது. நீ அவற்றைச் சுமந்துபோய் வாய்க்காலில் வேர் நனைய ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தாய். வயல் உன்னுடையது இல்லை, விளைச்சலும் உன்னுடையது இல்லை. நீ வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்துவிட்டது. நான் முதல் பந்தியிலேயே சாப்பிட்டிருந்தேன்.

நம் பக்கத்தில் நடவுக்கு இறங்கிய எவனுக்கும் இது அறிவுரை சொல்லி வருவதில்லை. கை அப்படிப் பழகிவிடுகிறது. பறித்த நாற்று காய்ந்தால் கை சும்மா இருக்காது. இதை அந்த மேற்பார்வையாளன் இரண்டே நாளில் கண்டுகொண்டான். நம்மை ஆளுக்கொரு புத்தகம் எழுதி ஆராய்ந்தவர்களுக்கும் பிடிபடாத ஒன்று அவனுக்கு இரண்டு நாளில் பிடிபட்டது. அதை அவன் வேலை நேரமாக மாற்றினான். உன்னை அவன் அதட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. லாரியின் நேரத்தை மட்டும் மாற்றினான். விசில் ஊதியாயிற்று, ஓய்வு கொடுத்ததாக ஏட்டில் எழுதியாயிற்று, சட்டம் ஒரு கீறலும் இல்லாமல் காப்பாற்றப்பட்டது. கூடாரத்தில் மோர் குளிர்ந்துகொண்டிருந்தது. அக்டோபரில் வருகிற விருந்தினருக்குப் புல் தயாராகிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் ஒரு மணிக்கு நான் அந்தப் புல்வெளியில் போய் நின்றேன். நீ விழுந்த இடம் எது என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, தலை சுற்றியது. காவலர் ஒருவர் குடையோடு ஓடிவந்தார். இந்த நேரத்தில் விருந்தினர் வெளியே நிற்கக்கூடாது, பாதுகாப்பு விதி, தயவுசெய்து உள்ளே வாருங்கள் என்று என் கையைப் பிடித்தே அழைத்துப் போனார். குளிர்ந்த துண்டு கொடுத்தார்கள். மருத்துவரை அழைக்கட்டுமா என்றார்கள். எனக்கு எடுத்துக்கொண்ட அக்கறையில் பத்தில் ஒன்று உனக்கு வாய்த்திருந்தால் நீ இருந்திருப்பாய். அந்தத் துண்டை அவர்கள் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இன்றும் ஒரு நடவுக் குழுவை நடத்துகிறவள். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விடியக்காலைல பறிச்சத பன்னெண்டு மணிக்கா எறக்குனான்?"

"ஆமாம்மா."

"அப்ப அவரு வெயில்ல நிக்கல. நிக்க வச்சிருக்கான்." முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "நாத்து கெடக்குறப்ப அவரு எப்புடி எங்கள நெனப்பாரு? நானே நெனக்க மாட்டேனேண்ணே." அதன் பிறகு அந்தப் பழைய கேள்வியை அவள் கேட்டதே இல்லை. "இதக் காகிதத்துல எழுதுங்க. தன் விருப்பம்னு எழுதியிருக்கான்ல, அதுக்கு மேல எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். நிறுவனத்துக்கு, தூதரகத்துக்கு, விடுதிக்கு. நிறுவனம் மட்டும் பதில் போட்டது: விதிகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டன, விவகாரம் முடிந்தது. என்னோடு பணிபுரியும் பேராசிரியர் ஒருவர், "ரூல் இருந்திருக்கே சார், இவருதானே ஃபாலோ பண்ணல?" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. அவர் பேசியது, எதுவும் அறியாதவர் பேசுகிற பேச்சு என்றால் பொறுத்திருப்பேன். அவர் வீட்டுக்கும் திருவையாற்றுப் பக்கம் நிலம் இருக்கிறது.

போன மாதம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மல்லிகாவும் நானும் போனோம். அரசு வழியாக மனு போனால் அங்கே பதில் சொல்லியாக வேண்டும் என்றார்கள். மனுவைப் பார்த்த அலுவலர் நல்ல மாதிரிதான். பொறுமையாகப் படித்தார். ஒரு வரியில் பேனாவை வைத்தார். 'அவர் ஓய்வுக்குப் போகமாட்டார் என்று தெரிந்தே அந்த நேரத்தில் லாரி அனுப்பப்பட்டது.'

"சார், இந்தத் 'தெரிந்தே'ய மட்டும் எடுத்துருங்க. மத்ததெல்லாம் ஓகே. இது இருந்தா மேல நிறுத்திருவாங்க. அவன் மனசுல இருந்தது நமக்கு எப்புடித் தெரியும்?"

நியாயமான யோசனை. நானே ஒரு கணம் தயங்கினேன். சொற்களை அளந்து போடுவதே என் தொழில். மனு நகர்ந்தால் போதுமே என்று தோன்றியது. மல்லிகா முன்னால் வந்தாள்.

"சார், நீங்க எந்த ஊருங்க?"

"ஒரத்தநாடும்மா. ஏன்?"

"நெலம் இருக்குங்களா?"

"இருக்கும்மா. நானும் வெவசாயக் குடும்பம்தான்."

"நாத்தப் பறிச்சுப் போட்டுட்டா, நடவாளு பாதியில எந்திரிச்சுச் சோத்துக்குப் போவானுங்களா?"

அலுவலர் வாய் தவறிச் சிரித்துவிட்டார். "எப்புடிம்மா போவான்? முடிச்சுட்டுத்தான் போவான்."

"ஒங்களுக்கே தெரியுது பாருங்க. பக்கத்துல நின்னு பாத்தவனுக்குத் தெரியாதுங்களா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு பேனாவை மூடினார், முத்திரையை எடுத்துக் குத்தினார், எண் போட்டார். வார்த்தை அப்படியே இருந்தது.

பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். நண்பர்கள் என்னை ஆறச் சொல்கிறார்கள். வயதாகிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது என்கிறார்கள். என் கோபம் சூடானது இல்லை, அதனால் ஆறுவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. முத்திரை குத்திய மனுவின் நகலைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். நீ வெயிலில் விருப்பப்பட்டு நின்றவன் என்று யார் என்னிடம் சொன்னாலும் அதை எடுத்து நீட்டுகிறேன். 'தெரிந்தே' என்று இருக்கும் அந்த ஒரு வரியைப் படித்து முடிக்கும் வரை அவர் எதிரிலேயே நிற்கிறேன்.