மலைக்கோட்டை தெரிகிற இன்னொரு ஊர்

இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் நெற்றியை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாயிற்று. மூன்றாவது தடவை தொடக்கூடாது என்று சமையலறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பாஸ்போர்ட்டைத் தேடி பீரோவின் மேல்தட்டைக் கலைத்தபோது நீ கொடுத்த சால்ஸ்பர்க் வரைபடம் காலடியில் விழுந்தது. பாச்சா உருண்டை வாசனை. மடித்த இடங்களில் இற்றுப்போயிருக்கிறது. உன் சிவப்புப் பேனா மட்டும் மங்கவில்லை. அதில் அச்சடித்திருக்கும் அரண்மனை, தேவாலயம், தோட்டம் எதையும் நீ கண்டுகொள்ளவே இல்லை. நீ குறித்திருப்பது பெஞ்சுகளை. அப்புறம் கழிப்பறைகள், குடிதண்ணீர்க் குழாய்கள், மழை வந்தால் ஒதுங்க ஒரு வளைவு. ஆற்றோரம் ஓர் இடத்தில் குட்டி எழுத்தில், "இங்க உக்காந்து சாப்பிடாதே, வாத்து விடாது" என்று ஒரு குறிப்பு.

நாளைக் காலைக்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலை வேலையாக என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் மியூனிக்கில் இருக்கிறார். அங்கிருந்து உன் சால்ஸ்பர்க் ரயிலில் இரண்டு மணி நேரம்தான். கடைசிப் பத்து நாள் நானும் பாப்பாவும் போய்ச் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. விசா வந்து மூன்று நாளாகிறது. டிக்கெட்தான் போடவில்லை. சாயங்காலம் போனில், "வரியா இல்லையான்னு மட்டும் சொல்லு. பயமா இருந்தா பரவாயில்ல, நான் தனியா சுத்திப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் வரவில்லை என்று சொல்வது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஊருக்கெல்லாம் ஐரோப்பா டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் நான். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய்.

மன்னார்புரத்தில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த நம் டிராவல் ஆபீஸை நினைத்துக்கொள்கிறேன். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து உனக்கு இடம் பிடிப்பேன். "ஆள் வருதா?" என்று கேட்பவர்களிடம் "வருது" என்பேன். "எங்க வருது?" என்று கேட்டால் திருவானைக்காவல் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன். நீ ஏறியதும் முதல் வேலையாக என்னைத் திட்டிய பெண்மணியிடமே மன்னிப்புக் கேட்டு, அவருடைய கூடையையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாய். ஜங்ஷன் வருவதற்குள் அவருடைய மகள் எந்தக் காலேஜ் என்பது வரை உனக்குத் தெரிந்துவிடும்.

ஆபீஸிலும் அப்படித்தான். வருகிறவர்களிடம் நான் பட்டியலை நீட்டுவேன்: பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து, ஒன்பது இரவு, பத்து பகல். நீ அதை மெல்ல உன் பக்கம் இழுத்து மூடிவிட்டு, "அது கெடக்கட்டும் சார். ஸ்ரீரங்கம் போனா எங்க போயி உக்காருவீங்க?" என்று கேட்பாய்.

பொன்மலையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் திகைத்துப்போனார். "ஐரோப்பா போறதுக்கு ஸ்ரீரங்கம் எதுக்கும்மா?"

அவர் மனைவி சொன்னார்: "இவரு எங்க கோயிலுக்குள்ள வர்றாரு. அம்மா மண்டபம் படியில உக்காந்து தண்ணியையே பாத்துட்டு இருப்பாரு. இவருக்கும் சேத்து நான்தான் கும்புட்டு வரணும்."

"அப்ப லூசெர்ன். ஏரி, அதுலேருந்து கிளம்புற ஆறு, ஆத்துமேல மரப்பாலம். சார் மூணு நாள் படியில உக்காரட்டும். பாரிஸை வெட்டிடுங்க."

"பாரிஸை வெட்டிட்டா சொந்தக்காரங்ககிட்ட என்ன சொல்றது?"

"கூட்டமா இருந்துச்சுன்னு சொல்லுங்க. போனவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

திரும்பி வந்தவர் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். அத்தனையிலும் தண்ணீர். "பாசியே இல்ல, ஆனா பச்சையா ஓடுதும்மா. எப்படின்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான்." அவர் மனைவி ஒரு படத்தில்கூட இல்லை. நீ அதையும் விடவில்லை. "அம்மா எங்க சார்? அங்கேயும் கும்புடப் போயிட்டாங்களா?"

சின்னக்கடை வீதியில் சந்து சந்தாக அலையப் பிடிக்கும் என்ற பெண்ணுக்கு வெனிஸ். "மேப்பைத் தூக்கிப் போட்டுடுங்க, தொலைஞ்சு போறதுதான் அங்க வேலையே." கொள்ளிடம் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காற்று வாங்குகிறவருக்கு, ஆற்றின் மேல் பழைய கல்பாலம் இருக்கிற பிராக். முசிறியில் வாழை போட்டிருந்த விவசாயி ஒருவரை ரைன் ஆற்றில் படகில் போகச் சொன்னாய். இரண்டு கரையிலும் செங்குத்தான சரிவில் திராட்சை. அவர் வந்து மாடிப்படி ஏறும்போதே, "அந்தச் சரிவுல எவன் ஏறி களை எடுக்குறான்னு கடைசி வரைக்கும் தெரியலம்மா" என்றார். அதற்கு அப்புறமும் இரண்டு தடவை அதைப் பேசவே வந்தார்.

ஒருவரிடம் மட்டும், "உங்களுக்கு ஐரோப்பா வேண்டாங்க, குடும்பத்தோட நாலு நாள் கொடைக்கானல் போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். முதலாளி குதித்தார். "ஆளை விரட்டுறதுக்கா உனக்குச் சம்பளம்?" நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விரட்டல சார். அவங்க வீட்டுல சண்டை. அதைப் பத்து நாள் பஸ்ஸுல வெச்சுப் பூட்ட வேண்டாம்னு பாத்தேன்."

எனக்கு இதெல்லாம் வராது. நான் டிக்கெட்டில் பெயரின் எழுத்துகளை நான்கு முறை சரிபார்ப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த அக்கறை.

ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே என்னிடமும் கேட்டாய். நான் யோசித்துப் பார்த்து உள்ளதைச் சொன்னேன்: "கோயில்ல எங்க நின்னா வெளிய போற வழி தெரியுதோ, அங்க."

"உனக்கு ஊரே கிடையாதுடி. உன்னை ஏர்ப்போர்ட்டுல உக்கார வெச்சுட்டு நாங்க போயிட்டு வரோம்" என்றாய். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. அதோடு விட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் நீயே குழுவைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பியபோது இந்த வரைபடத்தை என் மேஜையில் போட்டாய். "சின்ன ஊரு. நடுவுல ஆறு. எந்தத் தெருவுல நின்னாலும் தலையைத் தூக்கினா மலைமேல கோட்டை தெரியும். நம்ம மலைக்கோட்டை மாதிரிதான். உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளிக்குன்னே கட்டி வெச்சிருக்கான்." அப்போது நான் மூன்று மாதம். "பிள்ளை பெத்து, அதைக் கூட்டிட்டுப் போ" என்றாய்.

அதற்கு அப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். ஐப்பசி மழையில் உனக்கு டெங்கு வந்தபோது பாப்பாவுக்குப் பதினோரு மாதம். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது என்று எனக்குத் தெரியும். எம்.எஸ்ஸி. படித்தவள். தெரிந்தும் நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒன்பது நாள் இருந்தேன். பத்தாம் நாள் நீ இல்லை.

பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன்னோடு அந்த ஐரோப்பாக் குழுவில் வந்திருந்த ஓர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று தெரியாமலே சொன்னார்: "சால்ஸ்பர்க்குல மத்தியானம் நாங்கள்லாம் கடைக்குப் போனோம். இது மட்டும் கையில ஒரு பேப்பரை வெச்சுக்கிட்டு பெஞ்சு பெஞ்சா உக்காந்து எந்திரிச்சுட்டு இருந்துச்சு. கால் வலியோன்னு நினைச்சேன். கேட்டா, 'ஒருத்தி வரணும்மா, அவளுக்கு எங்கேருந்து கோட்டை தெரியுதுன்னு பாக்குறேன்'னுச்சு."

நான் அந்த இடத்தில் அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக வந்தது.

போன ஆடியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. இரண்டு நிமிடம்தான். டாக்டர், "இந்த வயசுல சில பிள்ளைங்களுக்கு வரும்மா, தானா போயிடும்" என்றார். அன்றிலிருந்து முசிறியில் என் அம்மா வீட்டுக்குக்கூட அவளை நான் கூட்டிப்போகவில்லை. காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உன் ஒன்பது நாள்தான். நேற்று அந்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. மருந்து கைப்பையில இருக்கட்டும். அங்கேயும் டாக்டருங்க இருக்காங்கம்மா" என்று சிரித்தார். அவர் சொல்லியும் எனக்கு இறங்கவில்லை.

இன்று இந்தக் காகிதத்தைச் சமையலறை மேடையில் விரித்து, உன் சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ரயிலடியிலிருந்து ஆற்றுக்கு நான்கு பெஞ்ச். ஆற்றிலிருந்து சதுக்கத்துக்கு மூன்று. தைரியசாலியாக இரு என்று நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பயப்படுகிறவளுக்கும் போக ஓர் ஊர் இருக்கும் என்று நினைத்தாய், அதைத் தேடினாய், இவள் எத்தனை அடிக்கு ஒருமுறை உட்காருவாள் என்று உட்கார்ந்தே பார்த்தாய். என்னை இப்படி யாரும் யோசித்ததில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். பாப்பாவை இப்படி யோசிக்க நான் பழக வேண்டும்.

இதை எழுதுவதை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் முன்னால் என் வீட்டுக்காரருக்கு "நாங்க வரோம். ரெண்டு நாள் சால்ஸ்பர்க்" என்று அனுப்பிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கோட்டைக்கு மேலே ஏறுவதாக வரைபடத்தில் அச்சடித்திருக்கும் சின்ன ரயிலில் குழந்தை வண்டியை மடிக்காமல் ஏற்ற விடுவார்களா? தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாமே என்று பார்க்கிறேன். அதை மட்டும் நீ குறிக்கவில்லை. சீக்கிரம் பதில் போடு.