கண்ணுக்குக் கீழே

ஜூலை 6, ஞாயிறு
சிதம்பரத்தில் ஓவிய வகுப்பு. வீட்டுப்பாடம்: வீட்டில் ஒருவர் முகம். வீட்டில் இருப்பதே ஒருவர்தான். என் வீட்டுக்காரர் கதிர்வேல். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னும் மாமா, இப்போதும் மாமா. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவரை உட்காரவைத்து வரைந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மாடலாக நல்ல ஆள்.

எழுந்து பார்த்து, "என்னா செல்வி, பொணம் மாதிரி வரஞ்சிருக்க?" என்றார்.

கண்ணுக்குக் கீழே பென்சிலை அதிகம் தேய்த்துவிட்டேன் போல. எனக்கு நிழல் தீட்ட இன்னும் வரவில்லை.

ஜூலை 9
நான் வரைந்த படத்தை மாமா போனில் ஏதோ ஆப்பில் போட்டுச் சரிசெய்து, பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். கீழே என் பெயர். கண்ணுக்குக் கீழே பளிச்சென்று இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது — நான் வரஞ்சத எதுக்குத் தொடணும்? நான் கேட்டனா?

ஜூலை 11
நாத்தனார் ஜெயராணி வந்தாள். "அண்ணி, நீங்களா வரஞ்சீங்க? கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு அண்ணன்!"

"பாதி போன் வரஞ்சது" என்றேன்.

"பரவால்ல, அதுவும் நல்லாத்தான் வரஞ்சிருக்கு."

ஜூலை 14
முகம் எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று போனுக்குத் தெரிந்திருக்கிறது. இவர் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்லும்? என்னைக் கேட்டால்? தினமும் சோறு போடுகிறேன். நேற்று என்ன சட்டை போட்டிருந்தார் என்று யோசித்தால் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு
வகுப்புக்கு வர வேண்டிய மாடல் வரவில்லை. எனக்குத் துணையாக வந்து வாசலில் நின்ற மாமாவை எங்கள் சௌந்தரம் டீச்சர் பிடித்துக்கொண்டார். "சும்மா உக்காருங்க சார், வேற ஒண்ணும் செய்ய வாணாம்." அதற்கே பிறந்தவர் போல உட்கார்ந்தார்.

முடிந்ததும் மாமா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மூக்கு ஆளுக்கு ஒரு விதம். ஒருவர் மீசையையே மறந்திருந்தார். ஆனால் கண்ணுக்குக் கீழே எல்லோரும் கருப்பாகத் தேய்த்திருந்தார்கள்.

"எல்லாருக்குமே நிழல் வரலையா டீச்சர்?" என்றேன்.

"நிழல் எல்லாருக்கும் சரியா வந்திருக்கும்மா."

திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதும் மாமா கேட்டார்: "நான் அப்படியா இருக்கேன்?"

"ஆமா மாமா."

"எவ்ளோ நாளா?"

தெரியவில்லை என்றேன். கூடவே இருந்துட்டு — நான் எங்க பாத்துக்கிட்டு இருந்தேன்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 22
ஆஸ்பத்திரி. ரத்தம் ரொம்பக் குறைவாம், தூக்கமும் போதவில்லையாம். மாத்திரை. ஏன் குறைந்தது என்று இன்னும் சில டெஸ்ட் எடுக்க வேண்டும். நைட் ஷிப்ட் இப்போதைக்குக் கூடாது. "கம்பெனில என்னான்னு சொல்றது?" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டச் சொன்னேன்.

ஜூலை 30
டெஸ்டில் பயப்பட ஒன்றும் இல்லை. பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மாமாவும் வகுப்பில் சேர்ந்துவிட்டார். சாயங்காலம் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "அசையாத" என்று அதட்டினார். வரைந்து முடித்தது என் சித்தப்பா மாதிரி இருக்கிறது. அதை விடு. அவ்வளவு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.