மிஷின் குரலில் ஒரு சம்மதம்

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அதுவே எங்களுக்குப் போதும். தொண்டை ஆபரேஷன் புண் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், குரல்தான் இனி வராது, கழுத்தில் வைத்துப் பேசுகிற மிஷின்தான் எனக்கு வாய். வார்த்தையெல்லாம் சுத்தமாக வருகிறது, ஏற்ற இறக்கம்தான் கிடையாது, வாழ்த்தினாலும் திட்டினாலும் ஒரே ரீங்காரம். ஒர்க்‌ஷாப்பில் இதனால் நடக்கிற கூத்தைக் கேள். போன வாரம் ஒரு டாக்சிக்காரர், பிரேக் கட்டை தேய்ந்து இரும்பே தெரிகிற வண்டியைக் கொண்டுவந்து, எப்படிண்ணே இருக்கு என்று கேட்டார். பிரமாதமா இருக்கு, நேரா மலைக்கு ஓட்டிட்டுப் போங்க என்றேன். பழைய குரலாக இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு சாவியை நீட்டியிருப்பார். இவரோ, ரொம்ப தேங்க்ஸ்ண்ணே என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்! கத்தவும் முடியாமல் கிரீஸ் கையோடு நான் பின்னால் ஓட, நல்லவேளை, பெயின்டர் கேட்டைச் சாத்தி மறித்தார். அன்றிலிருந்து இங்கே ஒரு சட்டம், நான் கிண்டல் செய்தால் இடது கையில் ஸ்பேனரைத் தூக்கிக் காட்ட வேண்டும். உன் அம்மாவுக்கு அதெல்லாம் தேவையில்லை, என் புருவத்தைப் பார்த்தாலே போதும். அவள் வாங்கி வந்த ஜன்னல் திரையை அருமை என்றேன், பேசாமல் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாள் முன்பு நீ போன் செய்து, கூட வேலை பார்க்கிற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டபோது அம்மா வீட்டில் இல்லை. சரி, பண்ணிக்கோ என்றேன். உடனே நீ, அப்புறம் பேசறேம்ப்பா என்று வைத்துவிட்டாய். சந்தோஷத்தில் உனக்குப் பேச்சு வரவில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன். பார், தொண்டை சரியாக இருக்கிற உன்னையே எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. நேற்று அம்மாவிடம், அப்பா வெட்டிவிட்ட மாதிரி பேசிட்டாரு, அவருக்கு இஷ்டமில்லாம எனக்குக் கல்யாணம் வேண்டாம், அவன்கிட்டயும் சொல்லிடப்போறேன் என்று அழுதாயாமே. அடி பைத்தியமே! உன்மேல் தப்பில்லை. சின்ன வயதில் வாசலில் நின்று நான் உன்னைக் கூப்பிடுகிற தினுசிலேயே, மார்க் அட்டை என் கையில் சிக்கிவிட்டதா இல்லையா என்று கண்டுபிடித்துக் கட்டிலடியில் ஒளிந்துகொள்கிற காது உன்னுடையது. அந்தக் காதுக்கு இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் கோபம் என்று நினைத்துவிட்டாய். நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைக்கிறா, நீங்களே எழுதுங்க என்று அம்மா பேனாவைக் கையில் திணித்தாள். தபாலில் போட்டால் அதற்குள் நீ காரியத்தைக் கெடுத்துவிடுவாய், அதனால் போனில் படமெடுத்து இப்போதே அனுப்பப் போகிறாள்.

எனக்கு மனம் நிறைந்த சம்மதம். அந்தப் பையனிடம் வேண்டாம் என்று சொல்லித் தொலைத்திருந்தால் உடனே போய் மாற்றிச் சொல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு ரொம்ப காலம் நன்றாக இருங்கள். ஞாயிறு காலை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வீடியோவில் கூப்பிட மறக்காதே. மிஷினைத் தொடவே மாட்டேன், முகத்தைப் பார்த்து நீயே தெரிந்துகொள். ஒருவேளை அழுதுவிட்டால், அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்தே விட்ட
உன் அப்பா