எங்கள் மொட்டை மாடியில் ஒரு கப்பல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை மைக்கைத் திறந்தேன். என் மூச்சுச் சத்தம்தான் போயிருக்கும். மூடிவிட்டேன்.

எங்கள் சட்ட அலுவலகத்துக்குப் புது வேலை வந்திருக்கிறது. எந்த அலைவரிசை யாருக்கு என்று உலக நாடுகள் கூடி முடிவு செய்யும் மாநாட்டில் இந்தியா என்ன சொல்ல வேண்டும்? தொலைத்தொடர்புத் துறை எல்லோரிடமும் கருத்து கேட்டிருக்கிறது. செப்டம்பர் 1 கடைசி நாள். எங்கள் வாடிக்கையாளர் ஒரு கப்பல் உரிமையாளர் சங்கம். அவர்களுக்காக நாங்கள் எழுதித் தர வேண்டும். "சட்டத்த நான் பாத்துக்கறேன். எதுவும் விட்டுப் போகாம நீங்க பாத்துக்குங்க" என்றார் மூத்த வழக்கறிஞர் பெனிட்டோ சார். வரைவு, இணைப்புகள், கையெழுத்து, தேதி எல்லாம் என் பொறுப்பு.

அவர்கள் புகார் இது. கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ள ஓர் அலைவரிசை இருக்கிறது. அதில் உரிமம் இல்லாதவர்கள் புகுந்து கூச்சல் போடுகிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மட்டும் 412 'உரிமமற்ற கலங்கள்'. கருவியைப் பறிமுதல் செய்ய வேண்டும், படகைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போட வேண்டும்.

படித்தபோது நியாயம் என்றுதான் தோன்றியது. பின்னால் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்பதால் எழுதி வைக்கிறேன். நியாயம் என்றுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 13, புதன்

பட்டியலில் வரிசை எண் 207. பெயர்: கோவிந்தம்மா 4. நீளம்: பதிவில்லை. நிலை: நங்கூரமிட்டுள்ளது.

அம்மாவின் பெயர். ஊரில் எத்தனையோ கோவிந்தம்மா இருப்பார்கள். இருந்தாலும் வரைபடம் போடும் ஹுமாயூனிடம் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கச் சொன்னேன். கடல் நகர்ந்து போனது. சாலை வந்தது. திருவொற்றியூர் குப்பம் வந்தது. எங்கள் தெரு. ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.

"கப்பல் கரையேறிடுச்சு போல" என்று ஹுமாயூன் சிரித்தார்.

அந்தத் தொட்டியின் மூடி போன மழையில் பறந்துபோய், அதன்மேல் பழைய தகரத்தையும் இரண்டு செங்கல்லையும் வைத்தது நான்தான்.

தேனாம்பேட்டை அலுவலகத்திலிருந்து திருவொற்றியூர் வரை மெட்ரோவில் வாயைப் பொத்திக்கொண்டே வந்தேன். சிரிப்பு வந்ததா, பயம் வந்ததா? இரண்டும்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் மாடிக்குப் போனேன். துணிக்கொடிக்கு அடியில் மஞ்சள் மிதவை, ஆண்டெனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வலையோடு கடலில் விட்டால் வலை எங்கே போகிறது என்று காட்டும் கருவி. தினம் பார்ப்பதுதான். இன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் திலீப்பைக் கேட்டேன். "அம்மா பேரு போட்ட நாலாவது போயா இது. கடலுக்கு எடுத்துனு போறதுக்கு முன்னாடி இந்த மிதவைய வானத்துக்குக் காட்டணும். அப்பதான் சிக்னல் பிடிக்கும். குப்பத்துல அல்லாரு மாடிலயும் கீது, போய்ப் பாரு."

"ஆஃப் பண்ணவே மாட்டீங்களா?"

"ஆஃப் பண்ணா பேரு அழிஞ்சிடும்னு கடைக்காரன் சொன்னான். அப்பறம் எங்க வலை எதுன்னு எப்டித் தெரியும்?"

நைனா டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "இது வர்றதுக்கு முன்னாடி ஒரு தபா, பெரிய கப்பல் ஒண்ணு மல மாரி நேரா வந்துச்சு. டார்ச் அடிச்சோம், கத்துனோம். அவன் கண்ணுக்கு நாங்க தெரியல. வலைய அறுத்துனு பூட்டான். இப்போ இத்த வெச்சா தானா ஒதுங்கிப் போறான். மனுசன் தெரியல, பிளாஸ்டிக் தெரியுது."

கப்பல்காரர்களின் பயமும் அதுதானே? இத்தனை பொய்க் கப்பல்களுக்கு நடுவில் ஒரு நிஜக் கப்பல் வந்தால் எதை நம்புவது? இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தின் பெயர் மட்டும் 'குற்றவாளி'.

அம்மாவிடம் 'உன் பெயரில் கப்பல் ஓடுகிறது' என்றேன். "அப்டியா? அப்பறம் இன்னாத்துக்கு நானு மீன் கூடய தூக்கினுகீறேன்?" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொல்லிவிட்டேன். நான்கு நாள் ஒத்திகைக்குப் பிறகு, பெனிட்டோ சார் அறை வாசலில் நின்றுகொண்டே.

"சார், அதெல்லாம் கப்பல் இல்ல. வலை. நிறைய வீட்டு மாடிலயே இருக்கு. எங்க வீட்லயும்."

அவர் கோபப்படவில்லை. "உங்க வீட்டுக் கருவிக்கு உரிமம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப 'உரிமமற்ற' சரி."

"'கலம்' தப்பு சார்."

"அலைவரிசைக்கு அது தெரியாதும்மா." கொஞ்சம் நிறுத்தி, "நானும் ராயபுரம்தான். அப்பா கடை இன்னும் அங்கதான் இருக்கு. அதுக்காக ராயபுரத்த ஆபீசுக்குள்ள கூட்டிட்டு வர்றதில்ல. உங்களுக்கு இதுல சொந்த நலன் இருக்கு. வேற ஃபைல் தரட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

எனக்கு மட்டும்தான் சொந்த நலனா? கப்பல் சங்கத்துக்கு இன்னா பொது நலனா? எங்க வூட்டுத் தொட்டிய எனக்குத் தெரிஞ்சா அது நலன், அவங்களுக்குத் தெரியலன்னா அது டேட்டாவா? அங்கே நிற்கும்போது இதில் ஒரு வரி வந்திருக்கக் கூடாதா? வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வாடிக்கையாளருடன் காணொளிக் கூட்டம். பதினான்கு முகங்கள். வரைபடத்தைத் திரையில் காட்டுவது என் வேலை. பேசுவது பெனிட்டோ சார்.

"இந்த 412 கலங்களும்…" என்று அவர் தொடங்கினார். என் விரல் பெரிதாக்கிக்கொண்டே போனது. நான் தீர்மானித்ததாக நினைவில்லை. கடல் போனது, சாலை வந்தது, தொட்டி வந்தது. தகரமும் செங்கல்லும்கூடத் தெரிந்தன.

"இது எங்க வூடு" என்றேன்.

'வீடு' என்றுகூட வரவில்லை. மூன்று வருடம் அலுவலகத்தில் மறைத்து வைத்த 'வூடு'.

சங்கத்தின் வயதான கேப்டன் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இப்படித் தரையில எத்தனை?" என்று கேட்டார். ஹுமாயூன் தன் மைக்கைத் திறந்து, "அறுபத்து மூணு சார்" என்றார். நான் கேட்காமலே எண்ணி வைத்திருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் பெனிட்டோ சார் என்னைப் பார்க்காமல் போனார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

412ஐ 349 ஆக்கிவிட்டார்கள். தரையில் இருந்தவற்றை நீக்கியாயிற்று. கடலில் மிதக்கும் வலைகள் இன்னும் கப்பல்கள்தான். பறிமுதலும் வழக்கும் அப்படியே.

இதற்கு நான் உதவி செய்தேன். பட்டியலைச் சுத்தமாக்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சர்வதேச விதியிலேயே வலை மிதவைகளுக்கென்று தனி அலைவரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். குறைந்த சக்தி, வேறு எண் வரிசை. சில வருடங்கள் ஆகிவிட்டன. கருவியை அதற்கு மாற்றினால் கப்பல்காரர் திரையும் சுத்தமாகும், எங்கள் வலையும் தப்பும். மாற்ற அவகாசம் கொடுத்தால் போதும். எங்கள் வரைவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெனிட்டோ சாருக்கு இது தெரியும். "வாடிக்கையாளருக்கு உதவாத விதிய நாம ஏன் எடுத்துக் குடுக்கணும்? எதிர்த் தரப்பு எடுக்கட்டும்" என்றார்.

அவர் தொழிலில் அது தப்பில்லை. சட்டத்தில் நான் படித்ததும் அதுதான். ஆனால் எதிர்த் தரப்பு என்று யார் இருக்கிறார்கள்? ஆங்கிலத்தில் நூற்றுப் பத்துப் பக்க ஆவணம் துறையின் வலைத்தளத்தில் கிடக்கிறது. குப்பத்தில் அதைத் திறந்தவர் யார்?

ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ஒளிக்கவில்லை. பாதிக்கப்படும் குடும்பம் என்ற முறையில் என் வீட்டார் கருத்து அனுப்புவார்கள், அதற்கு நான் உதவுவேன் என்று எழுதினேன்.

"ஆபீஸ் காகிதம் ஒண்ணு வெளிய போனாலும் வழக்குப் போடுவேன்" என்றார்.

"ஒரு காகிதமும் எடுக்கல சார். எங்க மாடிய மட்டும் எடுத்துனு போறேன்."

என் வாயிலிருந்தா இது வந்தது?

ஆகஸ்ட் 28, வியாழன்

குப்பத்துச் சமுதாயக் கூடம். முப்பது பேர் வந்தார்கள். விதியைச் சொல்லி முடிப்பதற்குள் திலீப் எழுந்தான்.

"ஏய் ஜெயா, நாங்கதான் வெச்சிகீறோம்னு நீயே எழுதிக் குடுக்கப் போறியா? இருந்த வேலையயும் வுட்டுட்டு எங்களயும் மாட்டி வுடறியா?"

கூடம் முழுக்க 'ஆமா' என்றது. உண்மையான பயம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்று சொன்னேன். "எழுதலைனா கப்பல்காரன் எழுதினது மட்டும்தான் இருக்கும். அதுல நாம வலைகூட இல்ல. திருட்டுக் கப்பல்" என்றேன்.

கடைசியில் நைனா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நானு போடறேன் கையெழுத்து. எம்மேல கேஸ் போட்டா எம்பொண்ணு வாதாடும். வேலதான் இல்லியே, சும்மாதான் கீது."

சிரித்தார்கள். சிரித்தபிறகு பேனா சுற்றியது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மத்தியானம் மூன்று மணி. யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கக்கூடிய கப்பல் செயலியைத் திறந்தேன். எங்கள் குப்பத்துத் தெருக்களின்மேல் மட்டும் பத்தொன்பது கப்பல்கள். படம் பிடித்துக்கொண்டேன். பிறகு, அவை எங்கள் மிதவைகள்தான் என்று காட்ட, எல்லோரும் பத்து நிமிடம் அணைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

யாரும் அணைக்கவில்லை. பேர் அழிந்துவிடுமே! மாடிக்கு மாடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேஸ் வந்தால் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டவர்கள், இதற்குப் பயப்படுகிறார்கள்.

அம்மா மேலே வந்தாள். "எம் பேருதானே? அழிஞ்சா நானு போய்டுவனா?" பட்டனை அமுக்கினாள். பக்கத்து மாடியில் ஒருவர் அமுக்கினார். அதற்கடுத்த மாடி. என் கையில் கப்பல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தெரு மட்டும் மிஞ்சியது. அதையும் படம் பிடித்தேன்.

மூன்றேகாலுக்கு மறுபடி போட்டோம். கோவிந்தம்மா 4 அப்படியே வந்தது. குப்பமே விசிலடித்தது. திலீப் மட்டும், "கடைக்காரன இஸ்துனு வரேன் இரு" என்று கறுவிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 1, திங்கள்

அனுப்பியாயிற்று. தமிழில் நான்கு பக்கம், ஆங்கிலத்தில் நான்கு பக்கம், இரண்டு படம். நைனா பெயரில். படிவத்தில் 'நிறுவனம்' என்று ஒரு கட்டம். 'திருவொற்றியூர் குப்பம்' என்று அடித்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வந்த கருத்துகளைத் துறை வெளியிட்டிருக்கிறது. கருத்து எண் 28: கப்பல் உரிமையாளர் சங்கம். 41: ராமதாஸ், திருவொற்றியூர் குப்பம். முன்னும் பின்னும் பெரிய பெரிய கம்பெனிகள். நைனா கண்ணை இடுக்கிக்கொண்டு மூன்று தடவை படித்தார். "நம்ப இனிஷியல வுட்டுட்டானுங்க" என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

வேலை கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் 'உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம்' என்றார்கள். கேள்விப்படட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

துறையின் நேரடிக் கலந்தாய்வு. நீள மேசை, ஒவ்வொருவர் முன்னும் மைக். எதிரே பெனிட்டோ சார். 41ஐக் கூப்பிட்டதும் நைனா மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டார். "படிச்சது நீதானே."

ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அம்மாவின் கப்பலில் தொடங்கினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, தனி அலைவரிசை, விதி எண், அவகாசம், நைனா பார்த்த அந்தக் கப்பல் எல்லாம் சொன்னேன். 'வூடு' என்றுதான் சொன்னேன், தெரிந்தே. சங்கத்துக் கேப்டன், "தனி அலைவரிசைக்குப் போனா எங்களுக்கு ஆட்சேபம் இல்ல" என்றார். பெனிட்டோ சார் அவர் கையைத் தொட்டார். அதற்குள் கேப்டன் சொல்லிவிட்டார்.

வெளியே வந்தபோது பெனிட்டோ சார் பக்கத்தில் வந்து, "உங்க கருத்துல, இரண்டாவது பக்கத்துல ஒரு தேதி தப்பு" என்றார்.

"தெரியும் சார். திருத்தம் அனுப்பிட்டேன்."

டிசம்பர் 4, வியாழன்

துறையின் முடிவு வந்திருக்கிறது. அறுபத்து மூன்று பக்கம். இருபத்திரண்டாம் பக்கத்தில்: 'வலை மிதவைகளைக் கலங்களாகக் கணக்கிடலாகாது.' தனி அலைவரிசைக்கு மாற இரண்டு வருடம். அதுவரை பறிமுதல் இல்லை, ஆனால் கரையில் அணைத்து வைக்க வேண்டும். என் பெயர் இல்லை. அடிக்குறிப்பில் 'கருத்து எண் 41'.

காசிமேட்டிலிருந்து ஆள் வந்தது. அலைவரிசை மாற்றும் படிவங்களை யார் நிரப்புவது என்று கேட்கிறார்கள். வீட்டு முன்னறையில் மேசை போட்டிருக்கிறேன். எழுபது படிவம் சேர்ந்துவிட்டது.

மத்தியானம் திலீப் மாடியிலிருந்து இறங்கி வந்தான், தோளில் மிதவை. "சிக்னல் புட்ச்சாச்சு, ஆஃப் பண்ணிட்டேன். உன் கப்பல இட்டுனு போறேன்" என்றான்.

போனில் அந்தக் கப்பல் செயலியைப் பார்த்தேன். எங்கள் மாடியில் தொட்டி மட்டும் இருந்தது.