டாங்கியில் நின்ற ஆள்

ஜூலை 6, ஞாயிறு

கிள்ளானில் காலையிலிருந்து மழை. மாடல் டாங்கிக்கு வார்னிஷ் அடிக்க முடியவில்லை. ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். உட்கார்ந்து சக்கரங்களுக்குச் சேறு பூசினேன். ஒரு சாண் நீளம்தான், ஆனால் பார்த்தால் ரப்பர் காட்டுக்குள் ஓடி வந்ததுபோல இருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்?

மேல்மூடியைத் திறந்து மார்பளவு வெளியே நிற்கிறானே, அந்தத் தளபதிதான் கெடுக்கிறான். கண்ணுக்கு வெள்ளை வைத்தேன், பேயைக் கண்டவன்போல முழிக்கிறான். என் மனைவி லோகா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க, இவரு சண்டைக்குப் போறாரா, இல்ல பல்லு புடுங்கப் போறாரா?"

ஜூலை 12, சனி

லோகா, முழுப் பெயர் லோகேஸ்வரி, பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். இன்று அவளுக்கு வேலை இல்லை. நான் கேட்காமலே பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். வெள்ளையைச் சுரண்டினாள். "வெயில்ல நிக்கிற ஆளு கண்ணைச் சுருக்கிட்டுத்தான் இருப்பாரு. வெள்ளை எங்க தெரியும்?" மூக்கு நுனியில் கொஞ்சம் சிவப்பு, தாடையில் மழிக்காத தாடியின் நிழல். தலையே ஒரு கடலைப்பருப்பு அளவுதான். சோற்றை மறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். முடித்தபோது தளபதி வீட்டை நினைத்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 19, சனி

மாடல் கிளப் கண்காட்சி. முதல் பரிசு.

எழுதக் கை வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். பரிசு கொடுத்தது அப்துல் மஜீத் அண்ணன், எங்கள் கிளப்பில் எல்லாருக்கும் மூத்தவர். டாங்கியைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். என் சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இந்த மூஞ்சிக்குத்தான் பரிசு. யாரு லா வரைஞ்சது?" மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"நான்தாண்ணே."

ஏன் சொன்னேன்? யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனோ? வருஷாவருஷம் அந்த மேடைக்குக் கீழே நின்று அடுத்தவனுக்குக் கைதட்டியவன் நான் — அதெல்லாம் ஒரு காரணமா, சீ!

முன்வரிசையில் லோகா இருந்தாள். அவளும் கைதட்டினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கார் ஓட்ட, ஃபெடரல் ஹைவே முழுக்கக் கோப்பையை மடியில் வைத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 25, வெள்ளி

மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். கீரை ஆயப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புது டாங்கி ஆரம்பித்திருக்கிறேன். இதிலும் ஓர் ஆள் உண்டு. தயங்கித் தயங்கி அவள் முன்னால் வைத்தேன்.

"மூடியைச் சாத்தி ஒட்டிடுங்க. ஆளு வேணாம்." புது ஆளை என் பக்கம் நகர்த்திவிட்டு, "பழைய டாங்கில நிக்கிறவரை எனக்குக் கழட்டிக் குடுங்க."

அவனைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டியிருந்தேன். கத்தியை விட்டு நெம்பினேன். ஆள் வந்தான், முழங்கை மட்டும் மூடியோடு நின்றுவிட்டது. அவளுடையதை என்னுடையது என்றேன், திருப்பிக் கொடுக்கும்போதும் முழுசாகக் கொடுக்கவில்லை. நானெல்லாம் என்ன மனுஷன்! இரண்டு துண்டையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். பஞ்சில் சுற்றி எடுத்துப் போனாள்.

ஆகஸ்ட் 9, சனி

மஜீத் அண்ணனைத் தேடிப் போய்ச் சொன்னேன். தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "எங்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றே? மைக்குல சொன்னதை மைக்குல சொல்லு."

ஆகஸ்ட் 16, சனி

கிளப் கூட்டத்தில் சொன்னேன். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து லோகாவிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

நவம்பர் 8, சனி

மறுபடி கண்காட்சி, இது வருஷக் கடைசியில் வைப்பது. மூடி சாத்திய என் டாங்கியின் பக்கம் ஓர் ஆள்கூட நிற்கவில்லை. கூட்டமெல்லாம் உருவங்கள் வைத்த மேசையில். அங்கே சின்ன மரக்கட்டை மேல் தனியாக அந்தத் தளபதி, முழங்கையில் ஒட்டின தழும்போடு. கீழே லோகேஸ்வரி என்று அவள் பெயர்.

மஜீத் அண்ணன் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "யாரு லா வரைஞ்சது?" வேண்டுமென்றேதான் கேட்டார்.

"என் வைஃப்ண்ணே. முழுக்க அவதான்."

"முழுக்க இல்லண்ணே," என்றாள் லோகா. "முழங்கையை உடைச்சது இவரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரை சுட்டது.

திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். கிளம்புமுன் அவன் இருந்த பெட்டியை என் மடியில் வைத்தாள். "ஆடாம புடிச்சிக்குங்க."

கிள்ளான் வரை பிடித்துக்கொண்டு வந்தேன்.