கலங்கல் தண்ணீருக்காக ஜீப்பை உயர்த்தியது

புரட்டாசி 9, வியாழன்

வெயில். மேற்கே மட்டும் கொஞ்சம் கறுப்பு. தாமல் ஏரியில் பாதித் தண்ணீர். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் காய்ந்துதான் கிடக்கிறது.

வேலைகள்: மோட்டார் ரூம் பூட்டுக்கு எண்ணெய். தவிடு. ஜீப்பை உயர்த்துவது பற்றிக் காதர் பாயிடம் கேட்க.

அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். மகள் வசந்தாவுக்கு ஐப்பசியில் வளைகாப்பு. முடிந்த கையோடு பெண்ணை இங்கே அழைத்து வந்துவிட வேண்டுமாம். "தலப்பிரசவம் அம்மா வூட்லதான்டா. அம்மா இல்லன்னா இன்னா, வூடு இருக்குதில்ல? நான் வந்து பாத்துக்கிறேன்."

சரி என்றேன். கார்த்திகையில் பிரசவம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். கார்த்திகையில் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் எங்கள் வண்டிப்பாதைக்குக் குறுக்கே ஓடும். டவுனுக்குப் போக வேறு பாதை கிடையாது. போன கார்த்திகையில் என் மனைவி கனகாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஜீப் அங்கேதான் நின்றது. கனகா பின்னால் படுத்திருந்தாள், தலை வசந்தாவின் மடியில். மாட்டைக் கட்டி ஜீப்பைக் கரைக்கு இழுப்பதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

இதை எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. பேனாவில் மை குறைவு.

புரட்டாசி 13, திங்கள்

காஞ்சிபுரம். காதர் பாய் பட்டறை. மிலிட்டரி ஏலத்தில் ஜீப்பை எடுத்த நாளிலிருந்து அவர்தான் அதற்கு வைத்தியர்.

"எவ்ளோ தூக்கணும்ணா?"

"தண்ணி தொடாத அளவுக்கு."

"அப்ப ஓடம்தான் வாங்கணும்." சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை போலிருக்கிறது, டீ சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்ன வழிகள்:

1. மெட்ராஸிலிருந்து புது ஸ்பிரிங் செட். விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன்.

2. ஸ்பிரிங் இப்போது அச்சுக்கு அடியில் இருக்கிறது. அதை மேலே மாற்றி வெல்டிங். நிறைய ஏறும். "ஏறும்ணா, ஆனா ஸ்டேரிங்கு உங்க பேச்ச கேக்காது. திருப்பத்துல கவுத்துடும்." வேண்டாம்.

3. ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக அடித்துப் போடுவது. கொல்லன் செய்துவிடுவான். மலிவு. இரண்டு அங்குலம் நீட்டினால் ஒரு அங்குலம்தான் ஏறுமாம்.

4. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி ஸ்பிரிங்குக்கு ஒன்று கூடுதலாகச் சேர்ப்பது. ஒன்றரை அங்குலம். வண்டி தூக்கிப் போடும்.

பெரிய டயர் என்றும் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. மூன்றும் நாலும் சேர்த்தால் கட்டுப்படியாகும்.

வசந்தா வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவள் மாமியார் வீடு. கையெல்லாம் கிரீஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புரட்டாசி 16, வியாழன்

மறுபடி பட்டறை. தூறல். பாய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கி எங்க தட்டிச்சி?"

தெரியாது என்றேன். நான் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டார்ச் அடித்து முழுக்கப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லணா. வண்டி தட்டவே இல்ல. ஃபேன் தண்ணிய வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல அடிச்சிருக்குது. கரண்டு போயி நின்னுக்கிச்சி. அப்பறம் எப்டி ஓடிச்சி?"

"ரெண்டு நாள் வெயில்ல நின்னுது. தானா ஸ்டார்ட் ஆச்சி." யாரிடமும் காட்டவில்லை. காட்டும் நிலையில் யாரும் இல்லை.

"தண்ணில எறங்க சொல்ல ஃபேன் பெல்ட்ட கழட்டிடணும்ணா. ஒரு ஸ்பானர் வேல. அஞ்சு நிமிசம்." சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. வண்டிக்கு அடியிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ஸ்பானர் அன்றைக்கும் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. பன்னிரண்டாம் நம்பர்.

"அப்ப தூக்கவே தேவல. துட்டு மிச்சம்."

தூக்குங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். மூன்றாவதும் நாலாவதும் என்றேன்.

ஐப்பசி 3, திங்கள்

மழை. வண்டி வந்துவிட்டது. இரண்டரை அங்குலம் ஏறியிருக்கிறது. தாமலிலிருந்து வருவதற்குள் இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாடா, கொக்காட்டம் நிக்குது. புள்ளத்தாச்சி இதுல எப்டி ஏறுவா?"

ஸ்டூல் செய்ய ஆசாரியிடம் சொல்ல வேண்டும். தூக்கிப் போடாமல் இருக்க வைக்கோல், மேலே மெத்தை. கனகாவின் மெத்தையை வெளியே எடுத்தேன். வெயில் இல்லை. உள்ளே வைத்துவிட்டேன்.

ஐப்பசி 14, வெள்ளி

ஒரு வாரமாக மழை. கலங்கல் போகிறது. பாதையில் முழங்காலுக்கு மேல். வளைகாப்புக்கு இன்னும் நாலு நாள்.

நாளை தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டும். பளுவுக்கு நெல் மூட்டை இரண்டு.

சாப்பிட்டேனா என்று அக்கா கேட்டாள். ஞாபகமில்லை.

ஐப்பசி 15, சனி

காலையில் மழை விட்டிருந்தது. மூட்டைகளை ஏற்றினேன். கரையில் நிறுத்தி பெல்ட்டைக் கழற்றினேன். நாலு நிமிடம்தான் ஆனது.

இறங்கினேன். நடுவில் ஒரு இடத்தில் தண்ணீர் கதவு ஓரம் வரை. எஞ்சின் நிற்கவில்லை. ஏறிவிட்டேன். அப்படியே திரும்பி வருவதுதான் திட்டம். பெல்ட்டை மாட்டினேன். திரும்பவில்லை. ஏன் என்று தெரியாது. நேரே காஞ்சிபுரம், ஆஸ்பத்திரி கேட், ஹாரன் அடித்துக்கொண்டே.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "பேஷண்டு எங்கப்பா?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு மூட்டை நீளமாகப் படுத்திருக்கிறது. இன்னொன்று அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. நான்தான் அப்படி வைத்திருக்கிறேன்.

"இது ஆஸ்பத்திரிபா. ரைஸ் மில்லு அந்தாண்ட." கோபமாகச் சொல்லவில்லை. என் தோளைத் தொட்டு வண்டியை ஓரமாக விடச் சொன்னார்.

வசந்தா வீட்டு வாசல். அவள் வெளியே வந்து வண்டியைப் பார்த்தாள். "இன்னாப்பா இவ்ளோ ஒசரம்?"

"ஒனக்குத்தாம்மா. இனிமே நிக்காது."

அவள் மூட்டைகளையே பார்த்தாள். புரிந்துவிட்டது, அவள் மடியில்தானே நடந்தது. "அந்தத் தண்ணிய தாண்டி நான் வர மாட்டேம்பா. வண்டி எவ்ளோ ஒசரம் இருந்தாலும் வர மாட்டேன். என்ன ஒரு வார்த்த யாருமே கேக்கலியே."

உண்மை. பாயைக் கேட்டேன், கொல்லனைக் கேட்டேன், இவளைக் கேட்கவில்லை.

சம்மந்தியம்மா உள்ளிருந்து வந்தார். "இங்கியே இருக்கட்டும்ணா. மொறைய மீறி நாங்க எப்டி கேக்கறதுன்னு வாய மூடிக்கினு இருந்தோம். நீங்களும் வந்து இருங்க, அக்காவயும் கூட்டிக்கினு வாங்க."

தலையாட்டினேன். பெல்ட் விஷயத்தை வசந்தாவிடம் சொன்னேன். அஞ்சு நிமிச வேலையாம்மா என்றேன். "ஒனக்குத் தெரியாதில்லப்பா" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

ராத்திரி இங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசி 16, ஞாயிறு

வானம் மூட்டம். மூட்டைகளை இறக்க வேண்டும். அக்காவுக்கு ஆள் அனுப்ப வேண்டும், திட்டுவாள்.

வசந்தாவோடு ஆஸ்பத்திரி வரை நடந்து பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, வழியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். அப்படியும் ஐந்து நிமிடம்.